வேலைக்குப் பக்கத்தில் வீடா? ஊர்க்காரருக்குப் பக்கத்தில் வீடா?

சங்கரன்கோவிலில் இருந்து பிழைக்கப் போகிறவர்களைக் குழப்பும் கேள்வி

சங்கரன்கோவில்,-

பொழுது சாய்ந்த பிறகு சங்கரன்கோவில் ரெயில் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் ஒரு கூட்டம் நிற்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. வீட்டில் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம். செங்கோட்டையில் புறப்பட்டு சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பஸ் நிலையத்திலும் இதே கூட்டம்தான். அங்கே திருப்பூர், கோவை போகிறவர்களும் இருப்பார்கள்.

முதல் தடவை ஊரை விட்டுப் போகிற வாலிபர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். வழியனுப்ப வருகிற பெரியவர்கள் அவர்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

"எங்கலே தங்கப் போறே? நம்ம ஆளுக யாரும் அங்க இருக்காவளா?"

சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்!

வேலை கிடைத்துவிட்டது. கம்பெனி ஒரு பக்கம். மாமன், மச்சான், பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் குடியிருப்பது வேறொரு பக்கம். நடுவில் ஒரு மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோ பஸ் பயணம். எந்தப் பக்கம் வீடு பிடிப்பது?

கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் இதில் கணக்கு தப்பியவர்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. தினமும் மூன்று மணி நேரத்தை பஸ்சிலேயே தொலைத்தவர்கள் உண்டு. வேலை போன அன்றைக்கே படுக்க இடம் இல்லாமல் பஸ் நிலையத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்களும் உண்டு.

தறித் தெருவில் இந்தக் கேள்வி இல்லை

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிது. காரணம், அங்கே எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது.

தறிக்கூடம் இருக்கிற தெருவிலோ, அடுத்த தெருவிலோ வீடு. ஆண் தறி ஓட்டினால், பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே தார் சுற்றுவார்கள். பாவு ஓட்டுகிறவரும், சாயம் போடுகிறவரும் கூப்பிடு தூரம். அக்காளைக் கட்டிக் கொடுத்தது இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். கரண்டு போனால் தறி நிற்கும். ஆட்கள் டீக்கடைக்கு வருவார்கள். கரண்டு வந்ததும் சத்தம் கேட்டே எழுந்து போய்விடுவார்கள்.

கூலி பெரிய கூலி அல்ல. கூலி உயர்வு கேட்டு தறிகளை நிறுத்திவிட்டுப் போராடுவது இந்த ஊருக்குப் பழக்கமான விஷயம். ஆனாலும் தறி நின்ற வாரத்தில் அடுப்பு எரிகிறது. எப்படி? மளிகைக் கடையில் பற்று இருக்கிறது. சீட்டு எடுத்த பக்கத்து வீட்டுக்காரர் ஐந்நூறோ ஆயிரமோ கைமாற்றாகத் தருகிறார். இவர் யார், யார் மகன், எங்கே போய்விடப் போகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அந்தப் பற்று நோட்டுதான் இவர்களுக்கு பாங்கி.

இந்தத் தெருவை விட்டு ஒருவர் திருப்பூருக்குப் போனால் கூலி கூடுகிறது, வாஸ்தவம். கூடவே அந்தப் பற்று நோட்டும் போய்விடுகிறது. புது ஊர்க் கடைக்காரர் முகத்தைப் பார்த்து அரிசி தரமாட்டார். ஊர்க்காரர் ஒருவர் அங்கே ஏற்கனவே இருந்து, "நம்ம பையன்தான் அண்ணாச்சி, நான் பொறுப்பு" என்று சொன்னால்தான் தருவார். ஊர்க்காரர் பக்கம் வீடு பிடிப்பது வெறும் பாசத்துக்காக என்று நினைக்கிறவர்கள் இதை கவனிக்க வேண்டும். அது ஜாமீன்!

கடைக்குள்ளேயே படுக்கை

வேலைக்குப் பக்கத்தில் இருப்பது என்றால், இதைவிடப் பக்கத்தில் இருக்க முடியாது என்கிற மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கும் அண்ணாச்சி கடைகள் அந்த ரகம்.

நெல்லை, தூத்துக்குடி, தென்காசிச் சீமையில் இருந்து போகும் பையன்களில் பலர் முதலில் கால் வைத்தது இந்த மளிகைக் கடைகளில்தான். கடைக்குப் பின்னாலோ, மேலே பரணிலோ படுக்கை. சாப்பாடு கடைக் கணக்கு. வாடகை கிடையாது. பஸ் சார்ஜ் கிடையாது. சம்பளம் அப்படியே ஊருக்கு வந்துவிடும். அந்தக் காசில் அக்காள் தங்கை கல்யாணத்தை முடித்தவர்கள் இருக்கிறார்கள். தொழில் கற்றுக்கொண்டு சொந்தக் கடை போட்டவர்களும் இருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்வதற்கு இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு கோயம்பேட்டில் காய்கறி எடுக்கப் போக வேண்டும் என்றால் பரணில் படுத்திருப்பவனைத்தான் எழுப்புவார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் ஷட்டரைத் தட்டினாலும் அவன்தான். வேலை நேரம் எப்போது முடிந்தது, ஓய்வு எப்போது தொடங்கியது என்று அவனுக்கே தெரியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கடம் வேறு. முதலாளியோடு வாய்த் தகராறு வந்து, "நாளையில் இருந்து வராதே" என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு ராத்திரியே படுக்கையும் போய்விடும். வேலையும் வீடும் ஒரே ஆள் கையில் இருந்தால் வருகிற வினை இது. அதனால்தான் பலர் வாய் திறப்பதில்லை.

பெரிய ஜவுளிக் கடைகள் ஆண், பெண் ஊழியர்களைத் தனித் தனி விடுதிகளில் வைத்து வேலை வாங்குகின்றன. தென்மாவட்டத்துப் பிள்ளைகள் தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் அப்படி இருந்து படும் பாட்டை 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் ஊருக்கெல்லாம் காட்டியது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாடு சட்டசபையில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல்தான். உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்டது என்றால் படுப்பதற்கு எவ்வளவு தேவைப்படும்!

நூற்பாலைகளின் கதை இன்னும் மோசம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. கல்யாண வயதுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வார்கள். கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்வார்கள். தங்குவது மில் வளாகத்து விடுதியில். வெளியே போக வேண்டுமானால் அனுமதி வேண்டும். தென்மாவட்டத்துக் கிராமங்களுக்கே ஏஜெண்டுகள் வந்து ஆள் பிடித்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு மாதம் குறைய உடம்புக்கு முடியாமல் ஊருக்குத் திரும்பி, அந்தத் தொகையைக் கோட்டைவிட்ட பெண்கள் உண்டு. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. விடுதி நடத்த லைசென்சு வேண்டும் என்பது அதில் முக்கியம்.

ஆகவே, வேலைக்குப் பக்கத்தில் இருப்பது வேறு. வேலை கொடுத்தவரின் கூரைக்குக் கீழே இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

தாராவியில் நடந்தது என்ன?

ஊர்க்காரர் பக்கம் குடியேறுவது என்றால் எப்படி இருக்கும் என்பதற்குப் பெரிய சாட்சி மும்பை தாராவிதான்.

பழைய திருநெல்வேலி மாவட்டத்து மக்கள் தாராவிக்குப் போகத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோல் பதனிடும் தொழில் அங்கே ஆட்களை இழுத்தது. முதலில் போனவர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் மச்சானைக் கூப்பிட்டார். போகிறவர் யாராக இருந்தாலும் முதல் ஆறு மாதம் சொந்தக்காரர் வீட்டில்தான் படுக்கை. பத்துக்குப் பத்து அறையில் எட்டாவது ஆளாகப் படுத்து, வேலையைப் பிடித்து, பிறகு பக்கத்துச் சந்திலேயே ஒரு அறையைப் பிடிப்பார்கள்.

இடமும் வாகானது. சயான், மாகிம், மாதுங்கா என்று ரெயில் நிலையங்கள் சுற்றி இருக்கின்றன. ஒரு பக்கம் மத்திய ரெயில் பாதை, இன்னொரு பக்கம் மேற்கு ரெயில் பாதை. மும்பையில் எந்த மூலையில் வேலை கிடைத்தாலும் தாராவியில் இருந்து போய்விடலாம். தோல் பட்டறை, தையல், மண்பாண்டம் என்று உள்ளேயும் வேலை கிடக்கிறது. விடியற்காலையில் மாவு ஊற்றி இட்லி அவித்து, பாத்திரத்தில் கட்டிக்கொண்டு நகரம் முழுக்க விற்கப் போகிற தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். சங்கரன்கோவில் தறித் தெருவை எடுத்துப் போய் மும்பைக்கு நடுவே வைத்த மாதிரி என்று சொல்லலாம். வேலையும் பக்கம், ஆளும் பக்கம்!

அது சொர்க்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெருவுக்கே பொதுக் கக்கூஸ். மழைக்காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் வரும். ஆனாலும் காலி செய்துவிட்டு வசதியான இடத்துக்குப் போங்கள் என்றால் பலர் அசைவதில்லை.

இப்போது அந்த மக்களுக்குத்தான் சோதனை வந்திருக்கிறது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கான டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. மராட்டிய அரசும் அந்த நிறுவனமும் கூட்டாக இதை நடத்துகின்றன. 2000-வது ஆண்டு ஜனவரி 1-ந்தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும், மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வீடு. அதற்காகப் பேசப்பட்ட இடங்களில் ஒன்று முலுண்ட்.

முலுண்ட் எங்கே இருக்கிறது? மத்திய ரெயில் பாதையில் தானேவுக்கு முந்தின ஸ்டேஷன்!

மும்பை எல்லைக்குள்தான் இருக்கிறது என்று வரைபடத்தைக் காட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் விடியற்காலையில் இட்லி அவிக்கிறவர் முலுண்டில் இருந்து கூட்ட நெரிசல் ரெயிலில் அந்தப் பாத்திரத்தை ஏற்ற முடியுமா? கீழே அப்பா, மேலே மகன் என்று ஒரே சுவரை ஏணியால் பிரித்துக் குடியிருந்த குடும்பத்தில், அப்பாவுக்கு தாராவி, மகனுக்கு வேறு இடம் என்றால் பேரப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்? சதுர அடிக் கணக்கில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

சென்னைக்காரர்கள் இதை முன்பே பார்த்துவிட்டார்கள். கூவம் கரையிலும், அடையாறு கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை 2000-ம் ஆண்டில் இருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். கான்கிரீட் வீடுதான். ஆனால் மயிலாப்பூரிலும், நுங்கம்பாக்கத்திலும் வீட்டு வேலை பார்த்த பெண்கள் இருட்டிலேயே எழுந்து பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. வேலையை விட்டவர்களும் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களிடம் யாரும் 'எந்தப் பக்கம் வேண்டும்' என்று கேட்கவில்லை.

2020-ல் வெட்ட வெளிச்சம்

எந்தப் பக்கம் நல்லது என்ற கேள்விக்கு ஒரே வாரத்தில் பரீட்சை வைத்த வருஷம் 2020.

மார்ச் 25-ந்தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. கடை மூடியது, ஓட்டல் மூடியது, பனியன் கம்பெனி மூடியது. கம்பெனி விடுதிகளில் இருந்தவர்களுக்கு வேலை, சாப்பாடு, படுக்கை மூன்றும் ஒரே நாளில் கேள்விக்குறி ஆனது. நல்ல முதலாளிகள் வைத்துச் சோறு போட்டார்கள். மற்ற இடங்களில் பிள்ளைகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

கோயம்பேடு மார்க்கெட்டில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்க்கெட்டிலேயே மூட்டை தூக்கி, மார்க்கெட்டிலேயே படுத்து எழுந்தவர்கள் பல பேர். ஏப்ரல் கடைசியில் அங்கே கொரோனா பரவியது. மே 5-ந்தேதி மார்க்கெட்டை மூடினார்கள். படுக்க இடம் இல்லாத தொழிலாளர்கள் கிடைத்த லாரியில் ஏறிச் சொந்த ஊருக்குப் போனார்கள். அவர்களோடு வியாதியும் போனது. அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது அப்படித்தான்.

சரி, ஊர்க்காரரோடு இருந்தவர்கள் தப்பித்தார்களா?

அதுவும் இல்லை. தாராவியில் ஏப்ரல் 1-ந்தேதி முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். ஒரே அறையில் எட்டுப் பேர், எண்பது பேருக்கு ஒரு கக்கூஸ் என்ற நிலையில் தனித்து இருப்பது எங்கே? நெருக்கமே வினையாகிவிட்டது. மே மாதத்தில் மராட்டியத்தில் இருந்து சொந்த மாவட்டத்துக்குத் திரும்பியவர்களை நெல்லைக்கு வடக்கே கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பரிசோதனை செய்தார்கள். அந்த மாதம் நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பதிவான தொற்றுகளில் அங்கிருந்து திரும்பியவர்களின் பங்கு பெரிது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. தாராவியில் வேலை இல்லாமல் கிடந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து சோறு வந்தது. ஊருக்கு வேன் பிடிக்க நாலு பேர் சேர்ந்து பணம் போட்டார்கள். ஈ-பாஸ் விண்ணப்பம் போடத் தெரிந்த பையன் ஒருவன் தெருவுக்கே போட்டுக் கொடுத்தான். தனியாக வாடகை அறையில் மாட்டிக்கொண்டவனுக்கு இந்த மூன்றும் கிடையாது.

குமாஸ்தாவின் கணக்கு வேறு

மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? பொருந்தாது. அவருக்கு வேலை போகாது, ஊர்தான் மாறும்.

2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி தென்காசி தனி மாவட்டம் ஆனது. சங்கரன்கோவில் அதில் ஒரு வருவாய்க் கோட்டம். சங்கரன்கோவிலையே தலைநகராக வைத்துத் தனி மாவட்டம் வேண்டும் என்ற குரலும் அப்போது எழுந்தது. அது நடக்கவில்லை. அதுவரை கலெக்டர் ஆபீசு, போலீஸ் சூப்பிரண்டு ஆபீசு என்றால் நெல்லைதான். ஒரே உத்தரவில் திசை மாறிவிட்டது. பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் குடியேறியவர்களில் தென்காசிக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள் வந்தார்கள். சங்கரன்கோவில்காரர்களுக்கும் ஆபீசுக் காரியம் தென்காசிக்கு மாறியது.

சங்கரன்கோவிலில் இருந்து தென்காசி சுமார் 40 கிலோமீட்டர். பாம்புக்கோவில்சந்தை, கடையநல்லூர் வழியாக ரெயிலும் இருக்கிறது. நெல்லைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு நேர் ரெயில் பாதை கிடையாது. ரெயிலில்தான் போவேன் என்று அடம் பிடித்தால் தென்காசி சுற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம் வழியாகத்தான் போக வேண்டும். அதற்குள் ஆபீசில் மத்தியான சாப்பாட்டு நேரம் வந்துவிடும்!

தினமும் போய்வருகிறவர் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்தை வழியில் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாளுக்கு 75 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டு கணக்கில் ஒன்பது ஷிப்டுக்கு மேல் வருகிறது. ஒரு காசு கூலி இல்லாத ஒன்பது ஷிப்டு.

இதை அறிந்தும் பலர் குடும்பத்தை நகர்த்துவதில்லை. மனைவிக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. பிள்ளை பிளஸ்-2. வயதான அப்பாவுக்கு இங்கே இருக்கிற டாக்டர்தான் ராசி. மூன்று வருஷத்தில் மறுபடியும் மாற்றல் வந்தால் மறுபடியும் சாமான் கட்ட வேண்டும். ஆகவே ஆள் அலைகிறார், குடும்பம் அசையவில்லை.

சில வேலைகளில் இந்தச் சலுகையும் கிடையாது. பரம்பரை கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்துவிட்டு வந்த பதவி கிராம நிர்வாக அலுவலர். அவர் வேலை பார்க்கும் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறை என்ன என்பது சான்றிதழுக்காகக் காத்துக்கிடக்கும் கிராமத்து ஜனங்களுக்குத் தெரியும். கிராமத்தில் வாடகைக்கு வீடு இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பது அலுவலர்கள் தரப்பு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் கணக்கு சமீபத்தில் மாறியிருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கரிவலம்வந்தநல்லூர் பக்கத்தில் இருந்து சங்கரன்கோவில் ஜவுளிக் கடைக்கோ, பூ மார்க்கெட்டுக்கோ வேலைக்கு வருகிற பெண்ணுக்கு, சொந்த வீட்டில் இருந்துகொண்டே வந்துபோவது கட்டுபடியாகிறது. டிக்கெட் காசு மிச்சம். ஆனால் பஸ் வருகிற நேரத்தை எந்த அரசாங்கமும் இலவசமாகத் தர முடியாது. ராத்திரிக் கடை அடைக்கிற நேரத்துக்கு அந்தக் கிராமத்துக்குப் பஸ் உண்டா என்பதுதான் அவள் வேலையைத் தீர்மானிக்கிறது.

இரண்டும் கிடைத்த திருவல்லிக்கேணி

வேலையும் பக்கம், கூட்டாளியும் பக்கம் என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்காரர்கள்!

கோட்டைக்கோ, மவுண்ட் ரோட்டுக்கோ வேலைக்குப் போகும் கல்யாணம் ஆகாத ஆண்கள், ஊர்க்காரர் அறையில் மூன்றாவது ஆளாக ஒட்டிக்கொள்வார்கள். ஒரே அறையில் ஒரே தாலுகாக்காரர்கள் என்பது சர்வ சாதாரணம். ஒருவர் மாற்றலாகிப் போனால் அவர் கட்டில் ஊரில் இருந்து வருகிற அடுத்த பையனுக்கு. ஆபீசுக்கு நடந்தோ, ஒரு பஸ்சிலோ போய்விடலாம். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வாங்கித் தர ஆள் உண்டு.

கல்யாணம் ஆகிறவரைக்கும்தான் இந்த சுகம். மேலும் இது ஆண்களுக்கு மட்டும். வேலை பார்க்கும் பெண்களுக்காக அரசு 'தோழி' விடுதிகளைத் திறந்தது மிகவும் பிந்தி. தாம்பரத்தில் அப்படி ஒரு விடுதி 2023-ல் திறக்கப்பட்டது.

தாம்பரம் பக்கம் தென்மாவட்டத்துக்காரர்கள் மொய்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஊருக்குப் போகிற ரெயில் அங்கே நிற்கும். 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு தெற்கே போகும் பஸ்கள் பெரும்பாலும் கோயம்பேட்டை விட்டு அங்கே போய்விட்டன. ஊருக்குப் பஸ் ஏற வசதி என்று கோயம்பேடு, வடபழனி பக்கம் வீடு பிடித்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வர வேண்டுமானால் முதலில் கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே தனிப் பயணம். வீடு பார்க்கும்போது ஆபீசு, கூட்டாளி என்று இரண்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஊர்ப் பஸ் எங்கே கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூட்டிய வீடும், கையெழுத்தும்

போலீஸ் நிலையங்களில் அடிக்கடி சொல்லப்படும் எச்சரிக்கை ஒன்று. 'வெளியூர் போனால் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.' முதலாவதைச் சிலர் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்யப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குப் பக்கம் என்று புது நகர் ஒன்றில் வீடு பிடித்து, காலையில் கணவன் மனைவி இருவரும் பூட்டிவிட்டுப் போய், இருட்டிய பிறகு திரும்பினால், அந்தத் தெருவில் இவர்களைத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இருக்கமாட்டார். கதவை உடைக்கிறவனைப் பார்த்தாலும் 'சொந்தக்காரராக இருக்கும்' என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலி. ஆபரேசன் என்றால் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஆபீசுக்குப் பத்து நிமிஷத்தில் போகிற வசதி அன்றைக்கு எதற்கும் உதவாது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வேலை நிரந்தரமாக இருக்கிறவர்தான் வேலைக்குப் பக்கத்தில் துணிந்து வீடு பிடிக்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிற பனியன் தொழிலாளி, எந்தக் கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு பிடிப்பார்? அவருக்கு நிரந்தரம் என்று இருப்பது ஊர்க்காரர்கள் மட்டும்தான். அதனால் அவர் ஆட்கள் பக்கம் போகிறார். தினமும் பஸ்சில் நிற்கிறார். அந்த நேரம் அவர் கட்டுகிற இன்சூரன்சு பிரிமியம்.

முடிவை அவசரமாக எடுத்துவிட்டு மாற்றவும் முடியாது. அதற்குக் காரணம் அட்வான்சு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்சு என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்சு கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கடன் வாங்கிக் கட்டியவர், இடம் சரியில்லை என்று தெரிந்தாலும் நகர முடியாது. வெள்ளையடிக்க, ரிப்பேருக்கு என்று கழித்துக்கொண்டு மிச்சம் தருவார்களோ என்ற பயம் வேறு.

அனுபவப்பட்டவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் ஊர்க்காரர் அறையில் பாதி வாடகை, பாதிச் சோறு என்று ஒட்டிக்கொள்வது. வேலை நிற்கிறதா, முதலாளி எப்படி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு அட்வான்சு கொடுப்பது. ரேஷன் கார்டுக்கும் அவசரம் இல்லை. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே கார்டில் சங்கரன்கோவில் முகவரி அப்படியே இருக்கிறது. வாக்காளர் பட்டியலிலும் பெயர் இங்கேயே இருப்பவர்கள் ஏராளம். தேர்தல் வந்தால் இவர்களுக்காகத்தான் ஊர் பஸ்களில் கூட்டம்.